மஞ்சணத்தியூரின் காதுகள்

மஞ்சணத்தியூரில் ஒரு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, ஆண் பெண் பாராமல், சிறுசு பெருசு பாராமல், குத்தியிருந்த காதுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. தோடும் கம்மலும் ஜிமிக்கியும் வளையமும் இருக்க இடமில்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தன: பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களின் மடியிலிருந்த சுளகில் உதிர்ந்தன, கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்த மாவில் உதிர்ந்தன, பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் விடைத்தாளில் உதிர்ந்தன, பேருந்து நிலையத்தில் உதிர்ந்து உருண்டு தென்காசி பஸ்ஸின் சக்கரத்தடியில் போய் நின்றன, வடக்குவாச்செல்வி கோயிலில் கல்லால் ஆன அம்மனின் காதிலிருந்தும் உதிர்ந்தன. வலிக்கவில்லை, ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. என்னுடைய இடது கம்மல் குளியலறை வாளியில் கிடந்தது. வலது கம்மலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் என்று இருந்தால் எதற்கும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும், பழகிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு ஜிமிக்கியை நூலில் கோத்துக் காதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவள் தலையை ஆட்டாமல் தாலி வாங்கிக்கொண்டாள். அம்மனுக்குப் பூசாரி சந்தனத்தைக் குழைத்துத் தோட்டை ஒட்டினார், உச்சிப் பூசைக்குள் அது காய்ந்து விழுந்தது, மறுபடி ஒட்டினார். சுகாதாரத் துறையிலிருந்து வந்து எதற்கும் இருக்கட்டும் என்று நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த காது டாக்டர் எங்களை வரிசையில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்து, "காது கேக்குதா?" என்று கேட்டார், கேட்கிறது என்றோம், "பிறகென்ன" என்று கிளம்பிவிட்டார். புதிதாகக் குத்திப் பார்த்தோம்; ஊசியானாலும் தங்கக் கம்பியானாலும் காதில் பட்டதும் வெந்த சேமியா போலத் துவண்டு விழுந்தது. காதில் ஒன்றும் இல்லாத பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலத் தெரிய, எத்தனையோ வருடமாகப் பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்து பார்க்காத ஆண்களெல்லாம் அந்த ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பஜாரில் மல்லிகைப்பூவுக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு அதுதான் காரணம் என்று பூக்காரியே சொன்னாள்.

ஏன் இப்படி ஆனதென்று நாங்கள் அதிகம் தேடி அலையவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, அதே பத்தே முக்காலுக்கு, ஊருக்கு மேற்கே சாஸ்தா கோயிலில், சிமெண்ட் ஏஜென்சி குத்தாலிங்கத்தின் மகள் மகிழினிக்கு, மூன்று வயதுப் பிள்ளைக்கு, காதுகுத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பன் இல்லாமல்கூட நடந்துவிடும், மாமன் இல்லாமல் நடக்காது. மகிழினிக்கு மாமன் உண்டு, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், உள்ளூரிலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அவரைக் கூப்பிடாமல் திருப்பூரிலிருந்து ஒன்றுவிட்ட மாமன் ஒருவனை வரவழைத்து அவன் மடியில் பிள்ளையை வைத்தார்கள். நாகலிங்க ஆசாரி கம்பியைக் காதில் வைத்தார், கம்பி துவண்டது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் துவண்டது. மூன்றாவது துவண்டபோது சுற்றி நின்ற பெண்களின் காதிலிருந்த தோடெல்லாம் ஒருசேர உதிர்ந்தன.

கூப்பிடாமல் விட்ட அந்த மாமன்தான் எழுத்தாளர் கோமதிநாயகம். நாற்பத்தேழு வயது, ஒல்லியான ஆள், பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். தாய் தகப்பன் போன பிறகு தங்கை வடிவைப் படிக்க வைத்து, வரன் பார்த்து, குத்தாலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர். பீடி சுற்றும் பெண்களுக்கு மருந்தகம் வந்தது அவரால், மேலத்தெருவுக்குக் குழாய் வந்தது அவரால். திருநங்கைகளுக்கு ரேஷன் கார்டு தர முடியாது என்று தாலுகா ஆபீசில் இழுத்தடித்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து தான் எழுதிய நாவலை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்; ஒன்பதாம் நாள், பதினான்காம் அத்தியாயத்தில், தாசில்தார் கும்பிட்டு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை தோறும் அவருடைய மாடி அறையில் சங்கரன்கோவிலிலிருந்தும் கடையத்திலிருந்தும் பையன்களும் நடுவயது ஆண்களும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, வரும்போது இருந்த முகம் கொஞ்சம் தெளிந்து போவார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கூட்டம் போலிருக்கிறது என்று நாங்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாடிக்குக் கீழே எபனேசரின் கடை. மோட்டார் பைக்குக்கு சீட் தைப்பவர், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுபவர். கோமதிநாயகமும் எபனேசரும் இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு, கண் பார்த்ததை வாய் சொல்லாத வரைக்கும் அது நடக்கவே இல்லை. கூட்டாளி என்போம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்போம், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்தனுப்புவோம்.

பிறகு 'இரண்டாவது தலையணை' என்ற அவருடைய நாவல் வெளிவந்தது. அதன் முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தை ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. பின்னட்டையை எல்லோரும் படித்தோம். அதில் கடைசி வரி: 'மஞ்சணத்தியூரில் தன் வாழ்க்கைத் துணைவர் எபனேசருடன் வசிக்கிறார்.' அவ்வளவுதான். வாய் சொல்லிவிட்டது, அதனால் நடந்துவிட்டது. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றது, பலகாரம் போவது நின்றது, குத்தாலிங்கத்தின் அம்மா சுப்புத்தாய், "இனி அந்த வீட்டு வாசல்ல எம்மருமவ காலு படக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். குத்தாலிங்கம் கெட்டவர் இல்லை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தவர். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகிழினி பிறந்தபோது கோமதிநாயகம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளையை அவர் பார்த்ததெல்லாம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில்தான். ஒரே ஒரு தடவை அதைத் தன் மடியில் வைக்க வேண்டும், மாமன் என்று ஒரு வார்த்தை அது சொல்லிக் கேட்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை.

காதுகள் மூடிய மூன்றாம் நாள் பிற்பகலில், பட்டா மனு எழுதி வாங்க செவ்வந்தி அவருடைய மாடிக்குப் போனாள். செவ்வந்தி திருநங்கை, குளத்தங்கரைக் குடிசைகளில் இருக்கும் இருபத்து மூன்று பேருக்குத் தலைவி, வாய்க்குப் பேர் போனவள். அவள் போனபோது கோமதிநாயகம் மேசைமேல் முகத்தைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கம்மலைத் தொலைச்சவளுவளே சிரிச்சிக்கிட்டு அலையுதாளுவ, நீங்க எதுக்கு அழுதிய?"

"எம்மடி சும்மா கெடக்கே செவ்வந்தி. புள்ளையக் கொண்டு போயி எவன் மடியிலயோ வச்சிட்டாவளே."

"சும்மாதான கெடக்கு? அப்ப நான் உக்காந்துக்கிடுதேன். எனக்கு மட்டும் மாமன் இருந்தானா? எங்க மாமன் என்னைய வெறகுக் கட்டையால அடிச்சித் தொரத்துனவன்." சொன்னவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதற்காகத் தன் முழுக் கனத்தோடும் அவர் மடியில் உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தோட்டை எடுத்து, "மாமா, வலிக்காமக் குத்துங்க மாமா" என்று விளையாட்டாகக் காதில் வைத்து அழுத்தினாள்.

தோடு உள்ளே போனது.

இரண்டு பேரும் அசையவில்லை. செவ்வந்தி இன்னொரு தோட்டை எடுத்து இன்னொரு காதில் வைத்தாள், அதுவும் வலிக்காமல், வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. "எபி அண்ணே!" என்று அவள் போட்ட சத்தம் பஜார் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஓய்ந்ததே இல்லை. முதலில் குளத்தங்கரையிலிருந்து மீதி இருபத்து இரண்டு பேரும் வந்தார்கள், பிறகு பீடிச் சுளகைக் கையில் பிடித்தபடியே மேலத்தெருப் பெண்கள் வந்தார்கள், பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், மளிகைக்கடைக்காரர் மனைவி வந்தாள், பஞ்சாயத்துத் தலைவி வந்தாள், இன்ஸ்பெக்டர் அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், கடுக்கன் போட்ட கிழவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார்கள். நாகலிங்க ஆசாரி தன் பெட்டியோடு அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, "மாமா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டவர்களுக்குக் கம்பி துவண்டது. அறுபது வயதுக்காரியும் மாமா என்றாள், அவரைவிட இருபது வயது மூத்தவரும் மாமா என்றார். அவருடைய தொடை வலிக்குமே என்று எபனேசர் ரப்பர் பஞ்சு வைத்துச் சின்ன சீட் ஒன்று தைத்துக் கொண்டுவந்து போட்டார், அதன் மேல் உட்கார்ந்தால் வேலைக்காகவில்லை. "நேரா உக்காரணும்போல" என்று ஆசாரி சொல்ல, எபனேசர் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துப்போனார்.

தன் பெண்டாட்டி இன்னொரு ஆண்பிள்ளை மடியில் உட்காருவதை எங்கள் ஊர் ஆண்கள் சும்மா விடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். விட்டார்கள். "அவருகிட்டன்னா பயமில்லவே" என்று டீக்கடையிலேயே பேசிக்கொண்டார்கள். எதைச் சொல்லி மூன்று வருடம் அவரை ஒதுக்கினார்களோ அதையே சொல்லி இப்போது பெண்டாட்டிகளைப் பத்திரமாக அனுப்பிவைத்தார்கள். இதைக் கேள்விப்பட்டு கோமதிநாயகம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. தட்சணை என்று எதையும் தொடமாட்டேன் என்றவர், படியேறி வந்தவர்களிடமெல்லாம் குளத்தங்கரைக்காரர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்கும் மனுவை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க மருமவளே" என்றார். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த அந்த மனு கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது ஊர் மொத்தமும் அதில் இருந்தது.

நானும் போனேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், அவரைவிட ஐந்து வயது மூத்தவள், படியில் மூன்று தடவை நின்று நின்று ஏறினேன். உட்கார்ந்து "மாமா" என்றதும் அவர், "டீச்சர், ஒங்க கையி முறுக்கு தின்னு மூணு வருசம் ஆச்சே" என்றார், குத்திக் காட்டுகிற குரலில் இல்லை, நிஜமாகவே முறுக்கை நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. காதில் கம்பி ஏறியது தெரியவில்லை, ஆனால் அழுதேன். மறுநாளிலிருந்து வரிசையை ஒழுங்குபடுத்தி டோக்கன் கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன், முறுக்கும் கொண்டுபோனேன்.

அதனால்தான் எனக்குத் தெரியும்: ஒவ்வொரு தடவை படியில் கொலுசுச் சத்தம் கேட்கும்போதும் அவர் எட்டிப் பார்ப்பார், வருவது யாரோ ஒருத்தியாக இருக்கும், சிரித்த முகத்தோடு "வாங்க மருமவளே" என்பார். வடிவு வரவில்லை. நாளுக்கு நாள் அவர் கால் மெலிந்துகொண்டே போனது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது எபனேசர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"ஊருக்கெல்லாம் மாமன், சொந்தத் தங்கச்சி புள்ளைக்கு யாரோ" என்றார் எபனேசர், தைலம் தேய்த்துக்கொண்டே. "போதும்வே. கதவைச் சாத்தும்."

"இன்னும் நெறையப் பேரு இருக்காவ எபி."

"நெறையப் பேரு இருக்காவ. ஒமக்குக் காலு ரெண்டுதான் இருக்கு."

சித்திரை பிறந்த வாரத்தில் ஒரு நாள் முற்பகலில் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கியது சுப்புத்தாய். அவள் காலத்தில் போட்ட பாம்படம், காதைத் தோள் வரைக்கும் இழுத்துத் தொங்கவிட்டிருந்த அந்தக் கனத்த நகை, வெள்ளிக்கிழமையே கழன்று விழுந்துவிட்டிருக்க, வெறும் மடல் மட்டும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் டோக்கன் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை, நேராக உள்ளே விட்டேன். மடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு "மாமா" என்றாள். ஆசாரி கம்பியை எடுக்கவில்லை. "மொகத்தப் பாத்துச் சொல்லணும் ஆச்சி" என்றேன், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "மாமா" என்றாள். காது திறந்தது. எல்லோரையும் கையெழுத்துக் கேட்டவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம்மருமவ நல்லாச் சாப்புடுதாளா ஆச்சி?"

"அது எங்க சாப்புடுது? ஒம்மள மாதிரித்தான், எலும்பும் தோலும்." சுப்புத்தாய் எழுந்தாள், துண்டை மறுபடி தலையில் போட்டவள், படியில் இறங்கும்போது அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அதிலிருந்து இரண்டாம் நாள் குத்தாலிங்கமே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அடுத்த வெள்ளிக்கெழம சாஸ்தா கோயில்ல வச்சி மறுபடி குத்தலாம்னு இருக்கு மச்சான். நீங்க வரணும்."

கோமதிநாயகம் எழுந்திருக்கப் பார்த்தார், கால் ஒத்துழைக்காமல் மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "நாங்க வாறோம் மாப்ள" என்றார்.

குத்தாலிங்கம் தரையைப் பார்த்தார். "நீங்க மட்டும் வாங்க மச்சான். சொந்தபந்தம் எல்லாம் வரும். அவரை யாருன்னு சொல்லச் சொல்லுதிய?"

கீழே எபனேசரின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"மாமன் சீரு கொண்டாறது மாமன் வீட்டு ஆளுதான மாப்ள? தேங்கா பழத் தட்டைத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால யாரு வருவா? எங்க வீட்ல இருக்க ஆளு அவருதான். அவரு வரலன்னா சீரு இல்ல. சீரு இல்லன்னா நான் மாமனும் இல்ல."

குத்தாலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எபனேசர் மேலே வந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஒமக்குப் புத்தி இருக்காவே? மூணு வருசமா அந்தப் புள்ள அந்தப் புள்ளன்னு ராப்பகலா உருகுதீரு, வந்து கூப்புட்டவன அனுப்பிட்டு உக்காந்திருக்கீரு. இருவது வருசம் பின்னாலதான் நிக்கேன். இன்னும் ஒரு நாளு நின்னா செத்தா போவேன்?"

"நீரு சாவ மாட்டீரு. நான் செத்துருவேன்" என்றார் கோமதிநாயகம்.

எபனேசர் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் டோக்கன்களை எடுத்து அடுக்கினேன், அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் ஊரில் குத்த வேண்டிய காதுகள் தீர்ந்தன. கடைசியாக வந்தவர் பெரிய சரீரமுள்ள ரைஸ்மில் முதலாளி, ஒற்றைக் கடுக்கன்காரர். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு போன பிறகு கோமதிநாயகம் தொடையைத் தடவிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், மடி இருக்கதே தெரியலயே" என்றார். டாக்டர் வந்தார். நரம்பு மரத்துவிட்டது, ஆறு மாதம் படுக்கையில்தான் இருக்க வேண்டும், ஒரு பூனைக்குட்டியைக்கூட மடியில் ஏற்றக் கூடாது, மீறினால் கால் திரும்ப வராது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் மனுசக் காது அத்தனையும் திறந்திருக்க, வடிவுக்கும் மகிழினிக்கும் மட்டும் காது மூடிக் கிடந்தது. இனி அவர்கள் மனம் மாறி வந்தாலும் வைத்துக்கொள்ள மடி இல்லை. அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு அழுதிருக்கலாம்.

இது எப்படியோ குத்தாலிங்கம் வீடு வரைக்கும் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நானும் செவ்வந்தியும் ஆசாரியும் அவரைப் பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தபோது, படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. வந்தது வடிவு. இடுப்பில் பிள்ளை. கீழே பைக் ஒன்று நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது, குத்தாலிங்கம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தடுத்துப் பார்த்திருக்கிறார், முடியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார்.

வடிவு அண்ணனின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "எத்தன பேரண்ணே உக்காந்தாவ, இப்படி ஆவுற வரைக்கும்?" என்றவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதிநாயகம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேரம் போயிட்டும்மா. மடி இல்லம்மா என்கிட்ட" என்றார்.

வடிவு கண்ணைத் துடைத்தாள். அறையின் மூலையில், வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு நின்ற எபனேசர் பக்கம் திரும்பினாள். "எபி அண்ணே, அதைக் கீழ வைங்க. சம்மணம் போட்டு உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். ஆசாரி, கம்பிய எடுங்க."

நாகலிங்க ஆசாரி பெட்டியைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "தாயி, யோசிச்சுக்கோ. ஒருவாட்டி மாமன் மடி மாறுனதுக்கே ஊர்க்காது பூராம் போச்சி. மறுபடி மாறி, மறுபடி மூடிட்டுன்னா, தொறக்கதுக்கு இவரு காலும் இல்ல."

நாங்கள் எல்லோரும் அனிச்சையாக அவரவர் காதைப் பொத்திக்கொண்டோம். செவ்வந்தி மட்டும் கையை எடுத்துவிட்டு, "போனாப் போவட்டும், குத்துங்க" என்றாள்.

"மடி மாறல ஆசாரி" என்றாள் வடிவு. "எனக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போனது ரெண்டு பேரும். நான் தாலி வாங்குறப்ப எங்கண்ணன் முன்னால நின்னான், இவரு பந்தியில எல எடுத்துக்கிட்டு நின்னாரு. அன்னிக்கே எனக்கு இவரு யாருன்னு தெரியும். மேடைக்கு வாங்கன்னு சொல்ல எனக்கு வாயி வரல, இத்தன வருசமா வரல. இப்ப சொல்லுதேன். இவரு எம்புள்ளைக்கு மாமன்."

எபனேசர் உட்கார்ந்தார். வடிவு பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். எத்தனையோ ஆயிரம் சீட்டைத் தைத்த அந்தக் கை பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. "மாமா சொல்லு" என்றாள் வடிவு. பிள்ளை அந்தப் புது முகத்தை மேலும் கீழும் பார்த்து, "மாமா" என்றது. கட்டிலில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆசாரி சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கம்பியைக் காதில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிள்ளை வீரிட்டது. கோமதிநாயகத்தின் மடியில் ஒருவருக்கும் வலித்ததில்லை, இதற்கு வலித்தது. உலகத்தில் காது குத்திய எல்லாப் பிள்ளைகளும் அழுகிற மாதிரி, வாயைப் பிளந்து, முகம் சிவந்து, அது அழுதது. கண்ணைத் திறந்தேன். கம்பி உள்ளே இருந்தது, இரண்டாவது காதுக்கும் போய்க்கொண்டிருந்தது, என் கம்மல் என் காதிலேயே இருந்தது. பிள்ளையைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தவர் எபனேசர். "முடிஞ்சிட்டு தாயி, முடிஞ்சிட்டு, மாமா இருக்கேம்லா" என்று சொல்லிக்கொண்டே அழுதார். ஒரு வருடத்துக்குப் பேசுகிற பேச்சை அந்த இரண்டு நிமிடத்தில் பேசிவிட்டார். மகிழினி அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

பைக் சத்தம் நின்றது. மகள் அழுகிற சத்தம் கேட்டுக் குத்தாலிங்கம் செருப்போடு மூன்று மூன்று படியாகத் தாண்டி மேலே ஓடி வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றார். கோமதிநாயகம் கட்டிலிலும் பிள்ளை எபனேசர் கழுத்திலும் இருப்பதைப் பார்த்தார், பிள்ளையின் காதைப் பார்த்தார்.

"புள்ளைய இப்படிக் குடுங்க மச்சான்" என்றார்.

கோமதிநாயகத்தைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எபனேசர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தான் மச்சான்" என்றார் குத்தாலிங்கம்.